துலா மோசின் 91/30: பொருளுக்கு 4 நட்சத்திரம், கடைக்கு 2

ஓஹையோவில் பழைய ராணுவத் துப்பாக்கிகள் விற்கும் ஒரு கடையில் இந்த மோசின்-நாகன்ட்டை, 91/30 என்ற மாடல் ரஷ்ய ராணுவத் துப்பாக்கியை, வாங்கினேன். 1939இல் ரஷ்யாவின் துலா ஆலையில் செய்தது. அந்த ஆலையின் முத்திரையான அம்பு பதித்த நட்சத்திரம் பேரலின் (குழலின்) பின்பகுதியில் இன்னும் தெளிவாக இருக்கிறது.

அதே இடத்தில் இன்னொரு முத்திரையும் இருக்கிறது. முதல் எழுத்து ஆங்கில ஒய் மாதிரி, அடுத்தது தலை திறந்த 4 மாதிரி. கடைச் சீட்டில் அதைப் படைப்பிரிவு எண் என்று எழுதி வைத்திருந்தார்கள். அது எண்ணே இல்லை. 'உச்செப்னயே', அதாவது பயிற்சிக்கானது என்ற ரஷ்யச் சொல்லின் முதல் இரண்டு எழுத்து. கடைக்காரரிடம் சொன்னேன். "அதெல்லாம் நன்றாகவே சுடும்" என்றார். எனக்குக் கோபம் வந்ததே அங்கேதான்.

பயிற்சிக்கு ஒதுக்கிய துப்பாக்கிகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்காது. சிலவற்றைச் சுட முடியாதபடி, சேம்பரில் (தோட்டா உட்காரும் அறையில்) துளை போட்டு, தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கும் ஊசியான ஃபயரிங் பின்னையும் வெட்டியிருப்பார்கள். சிலவற்றில் எதையும் தொட்டிருக்க மாட்டார்கள். முத்திரையை மட்டும் பார்த்து எது எந்த ரகம் என்று சொல்லவே முடியாது, கழற்றித்தான் பார்க்க வேண்டும். நான் வீட்டுக்கு வந்து, இரண்டு திருகையும் பேரல் வளையங்களையும் எடுத்துவிட்டு, பேரலைத் தாங்கும் மரக் கட்டையைப் பிரித்தேன். கட்டையின் விளிம்புக்குச் சற்றுக் கீழே, சேம்பரின் பக்கவாட்டில் பென்சில் நுழையும் அளவுக்கு ஒரு துளை. ஃபயரிங் பின்னின் முனையும் தேய்த்து மொட்டையாக்கப்பட்டிருக்கிறது. பின்னை மட்டும் மாற்றிவிட்டு யாராவது 7.62 தோட்டாவைப் போட்டுச் சுட்டிருந்தால், வாயு அந்தத் துளை வழியாகக் கட்டையைப் பிளந்துகொண்டு பிடித்திருக்கும் கைக்கே வந்திருக்கும்.

சுவரில் மாட்டத்தான் வாங்கினேன் என்பதால் பொருளில் எனக்குக் குறையில்லை. கட்டையில் செம்பழுப்பு ஷெல்லாக் மெருகு அப்படியே மின்னுகிறது. குறுக்குக்கோடு போட்ட சதுரம், பழுதுபார்ப்பு முத்திரை, அதுவும் இருக்கிறது. சேம்பரை மூடும் போல்ட்டில் பழைய எண்ணைக் கோடு போட்டு அடித்துவிட்டு, பேரலின் எண்ணைப் புதிதாகக் குத்தியிருக்கிறார்கள். வார் மாட்டும் தோல் வளையங்கள்கூட மிச்சம். இந்த விலைக்கு இவ்வளவு கிடைப்பது அபூர்வம்.

அப்புறம், துருப்பிடிக்காமல் இருக்கப் பூசி வைத்த கிரீஸைத் துடைக்க ஒரு முழு மாலை போகும், தயாராக இருங்கள்.

இந்த மாதிரிக் கடைகளில் 91/30 வாங்குகிறவர்கள், பேரலில் அந்த இரண்டு எழுத்து இருந்தால் பணம் கொடுப்பதற்கு முன்பே கட்டையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் வேறு கடை பாருங்கள். சுடும் எண்ணம் இருந்தால், துளை கண்ணில் படாவிட்டாலும், துப்பாக்கி மெக்கானிக் ஒருவர் பார்த்துச் சரி என்று சொல்லும் வரை தோட்டா போடாதீர்கள்.