மல்டிமீட்டர்: பாடமும் நடத்துகிறது, உயிரையும் வாங்குகிறது

மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை எல்லாம் அளக்கும் மல்டிமீட்டரின் விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று புதுச்சேரியிலிருந்து நண்பர் கேட்கிறார். அவரும் அறிவியல் ஆசிரியர். கடலூரில் பத்தாம் வகுப்பு மின்னோட்டவியல் பாடத்துக்கு நான் சில ஆண்டுகளாக வைத்து மல்லுக்கட்டும் அதே மலிவு ரகம்தான்.

எரிச்சலை முதலில் கொட்டிவிடுகிறேன். மின்தடை அளக்கும் 200 ஓம் அளவில் வைத்து ஒயர் முனைகள் இரண்டையும் ஒன்றோடொன்று தொட்டால் அரை ஓம் காட்டுவதில் தவறில்லை. ஒயருக்கும் மின்தடை உண்டு, கழித்துக்கொள்ளலாம். இதிலோ அழுத்திப் பிடித்தால் 0.6, பிடி தளர்ந்தால் 3, கை அசைந்தால் 11. தேவனாம்பட்டினத்துக் கடற்காற்றில் முனைகளின் பூச்சு போய்ப் பச்சைக் களிம்பு ஏறிவிட்டது. உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே களிம்பு உட்கார்ந்தால் அங்கேயே புதிதாக ஒரு மின்தடை முளைக்கும். நீளம் இரட்டித்தால் மின்தடையும் இரட்டிக்கும் என்று நிக்ரோம் கம்பியை வைத்துக் காட்டப் போனால், 5 ஓமும் 10 ஓமும் வரவேண்டிய இடத்தில் 9, 12 என்று வந்து மானத்தை வாங்குகிறது. வகுப்புக்கு முன் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது என் தலையெழுத்து.

ஆனால் குண்டு பல்பை எடுத்துவிட்டால் இதே மீட்டர் ராஜா. 60 வாட் பல்புக்கு மாணவர்களையே கணக்குப் போடச் சொல்வேன். வீட்டு மின்சாரம் 230 வோல்ட்; 230-ஐ 230-ஆல் பெருக்கி 60-ஆல் வகுத்தால் சுமார் 882 ஓம். பிறகு பல்பைக் கையில் கொடுத்து அளக்கச் சொன்னால் 65-ஐ ஒட்டி நிற்கும். "மீட்டர் கெட்டுவிட்டது சார்!" அடுத்து, பிளக்கைப் பிடுங்கிய 1000 வாட் இஸ்திரிப் பெட்டி. கணக்கில் 53, மீட்டரிலும் ஏறக்குறைய அதே. கெட்டுப்போன மீட்டர் இதை மட்டும் எப்படிச் சரியாகச் சொல்லும் என்று கேட்டுவிட்டு நான் ஒதுங்கிக்கொள்வேன். கடைசி பெஞ்சிலிருந்துதான் பெரும்பாலும் பதில் வரும்: பல்ப் இப்போது எரியவில்லையே! எரியும்போது டங்ஸ்டன் இழை 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. சூட்டில் அணுக்களின் அதிர்வு கூடி எலக்ட்ரான்களின் ஓட்டம் தடைபட, மின்தடை பத்து மடங்குக்கு மேல் ஏறுகிறது. இஸ்திரிப் பெட்டிக்குள் இருக்கும் நிக்ரோம் கம்பியின் மின்தடை சூட்டுக்கு அவ்வளவாக அசைவதில்லை. கரும்பலகையில் எத்தனை முறை எழுதினாலும் இந்தச் சண்டை மூளாது.

இத்தனை சொல்லியும், நண்பரே, வாங்காதீர்கள். இன்று காலையும் தேய்த்துவிட்டு வந்த கோபத்தில்தான் சொல்கிறேன். உங்கள் ஊரிலும் உப்புக் காற்றுதான். பல்ப் ஆசை விடவில்லை என்றால் நல்ல ஒயர் ஒரு ஜோடி தனியாக வாங்குங்கள். அதன் விலை மீட்டர் விலையை எட்டும்.