145,000 ரூபாவும் போனது, முகநூல் பக்கமும் போனது

மட்டக்களப்பில் சங்கம், மன்றம், அறநெறி வகுப்பு என்று ஏதாவது நடத்துகிறவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். எங்கள் முகநூல் பக்கத்தை நடத்தக் கொடுத்த விளம்பர நிறுவனத்தார் நேற்றுத்தான் முழுதாகக் கையை விரித்தார்கள். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

எங்களுடையது மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் இயங்கும் சிறிய மாதர் சங்கம். பாய் இழைக்கும் பெண்களுக்குச் சுழற்சிக் கடன், பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு, இவ்வளவுதான் வேலை. காசு பெரும்பாலும் சுவிஸிலும் கனடாவிலும் இருக்கும் ஊரவர்களிடமிருந்து வருகிறது. அனுப்புவதற்கு முன் அவர்கள் பார்ப்பது எங்கள் முகநூல் பக்கத்தைத்தான். சில மாதம் அதில் ஒன்றும் வராவிட்டால் "சங்கம் இன்னும் நடக்கிறதா?" என்று கேட்பார்கள். அதனால் வாரம் தவறாமல் பதிவு போட்டுத்தர ஆள் தேடினோம். நகரில் ஒரு மாடியில் இயங்கும் டிஜிட்டல் விளம்பர நிறுவனம் அகப்பட்டது. ஆறு மாதத்துக்கு 145,000 ரூபா. முழுவதும் முற்பணம்.

அந்த நிறுவனத்துப் பையன் ஒருவன் எங்கள் கட்டடத்துக்கே வந்தான். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, பாயில் அமர்ந்து, வெறுந்தேநீர் குடித்தான். "என் அம்மாவும் மாதர் சங்கத்தில் இருந்தவர்தான்" என்றான். எங்கள் தலைவி 1978 சூறாவளியில் கூரை பறந்த வீட்டுக்குள் கைக்குழந்தையைக் காப்பாற்றியவர், இலேசில் யாரையும் நம்ப மாட்டார். அவரையே "அம்மா, அம்மா" என்று கவிழ்த்துவிட்டான். ஒப்பந்தம் எழுதுவோமா என்று கேட்டதற்கு, "உங்களிடம் போய் எழுத்து எதற்கு அம்மா, நம்பிக்கைதானே" என்றான். பிறகு பொருளாளரைப் பார்த்து, "அக்கா, போனை இரண்டு நிமிடம் தாருங்கள், அமைப்புகளைச் சரிசெய்து தருகிறேன்." அந்த இரண்டு நிமிடத்தில் பக்கத்தின் முழுக் கட்டுப்பாடு அவன் கணக்குக்குப் போய்விட்டது. பொருளாளருக்கு மிஞ்சியது புள்ளிவிவரத்தைப் பார்க்கும் உரிமை மட்டும்.

தொடக்கத்தில் சில நல்ல பதிவுகள் வந்தன. அதன்பிறகு ரோஜாப்பூப் படத்தோடு காலை வணக்கம். பிறகு பொன்மொழிகள். ஒருமுறை வேறொரு நிறுவனத்தின் இலச்சினையோடு மகளிர் தின வாழ்த்து! பின்தொடர்பவர்கள் மட்டும் ஆயிரக்கணக்கில் ஏறினார்கள். எந்த ஊர்க்காரர்கள் என்று பொருளாளர் பார்த்தால் டாக்கா, கெய்ரோ என்று வருகிறது. டாக்காவில் யார் எங்கள் பாயை வாங்கப்போகிறார்கள்? பாய் இழைக்கும் பன்புல்லை வெயிலில் காயப்போட்ட ஒரு மங்கலான போன் படம், மாத முடிவில் வரவுசெலவுக் கணக்கு, சனிக்கிழமை வகுப்பில் நடந்தது பற்றி நான்கு வரி. இவை ஒழுங்காக வந்தாலே நன்கொடையாளருக்குப் போதும். இதைத்தான் முதல் நாளே சொன்னோம். அவனும் தலையாட்டிக் குறித்துக்கொண்டான்.

வயிற்றெரிச்சல் கார்த்திகை மழையில் வந்தது. வெள்ளம் வீடுகளுக்குள் ஏறிவிட்டது. உலர் உணவுப் பொதிக்கு உடனே உதவி கேட்டுப் பதிவு போட வேண்டும். பக்கத்தைத் திறந்தால் மேலே நிற்பது ஒரு கைத்தொலைபேசிக் கடையின் விலைக்கழிவு விற்பனை விளம்பரம், எங்கள் சங்கத்தின் பெயரில்! அந்தப் பையனை அழைத்தால் எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் நீலக் குறி விழுகிறது, பதில் இல்லை. வெளிநாட்டிலிருந்து ஒருவர் "நீங்கள் போன் விற்கத் தொடங்கிவிட்டீர்களா?" என்று கேட்டார்.

தண்ணீர் வடிந்ததும் மண்முனைப் பாலம் தாண்டி அந்த விளம்பர நிறுவனத்துக்கே போனோம். "முதலாளி கொழும்பில்" என்றாள் மேசையிலிருந்த பெண். அடுத்தமுறை "அல்காரிதம் மாறிவிட்டது." அதற்கும் அடுத்தமுறை "உங்கள் காசு எல்லாம் டொலரில் விளம்பரத்துக்குப் போய்விட்டது." அப்படியானால் பற்றுச்சீட்டைக் காட்டுங்கள் என்றோம். முகநூல் விளம்பரத்துக்கு அறவிடும் ஒவ்வொரு தொகையும் விளம்பரக் கணக்கில் பதிவாகி இருக்கும், அங்கேயே எடுத்துக் காட்டலாம். காட்டவில்லை. நேற்று முதலாளியே பேசினார்: "தொண்டு நிறுவனம்தானே, இதற்கெல்லாம் இவ்வளவு சத்தமா?" 145,000 ரூபா ஐயா. எங்கள் பெண்கள் பாய் விற்று அந்தக் காசைக் காண எத்தனை மாதம் செல்லும் தெரியுமா? பக்கத்தையாவது திருப்பித் தாருங்கள் என்று கேட்டதற்கு, "ஒப்பந்தத்தில் அப்படி இல்லையே" என்கிறார். எழுதவே விடாத ஒப்பந்தத்தில்!

நுகர்வோர் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு முறையிடப்போகிறோம். புதுப் பக்கமும் திறந்தாயிற்று. இந்தமுறை உயர்தரப் பரீட்சை எழுதிய எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருத்தி பதிவு போடுகிறாள்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் இருந்தேன், கை நடுங்குகிறது. சுருக்கமாக: முழுக் கட்டுப்பாடு சங்கத்தின் இரண்டு பேரிடமே இருக்கட்டும், வெளியாளுக்குப் பதிவிடும் உரிமை மட்டும் போதும். போனைக் கையில் கொடுக்காதீர்கள். கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டுவையுங்கள். மாதாமாதம் வேலையைப் பார்த்துக் காசு கொடுங்கள், 145,000 ரூபாவை ஒரேயடியாகத் தூக்கிக் கொடுக்காதீர்கள். பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களை இப்படியான நிறுவனங்களுக்கு அனுப்பவே வேண்டாம். எங்கள் வகுப்புப் பிள்ளைகளின் படங்கள் இன்னும் அவர்களுடைய கணினியில்தான் கிடக்கின்றன, அழிக்கச் சொன்னால் அதற்கும் "முதலாளி கொழும்பில்" என்கிறார்கள்.