"மாண்டன்" பெயர் பொறித்த துப்பாக்கியா? குழலின் அடியைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்

பழைய துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். குழலின் வாய் வழியாக மருந்தும் குண்டும் போட்டுக் கம்பியால் கெட்டிக்கிற வகையைச் சொல்கிறேன். என்னிடம் ஒருவர் விற்ற விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எழுத்தில் அவர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. ஏமாற்றியது முழுக்கத் தொலைபேசியில்தான்.

விளம்பரத்தில் இருந்தது இவ்வளவுதான்: "ஜே. மாண்டன் என்று பொறித்த இரட்டைக் குழல் கேப் துப்பாக்கி, பழையது." (கேப் என்பது, அடித்ததும் பொறி பறந்து மருந்தைப் பற்றவைக்கும் சின்ன உலோக மூடி.) பேசும்போது அதுவே "ஜோசப் மாண்டன் பட்டறையில் செய்தது சார், சந்தேகமே வேண்டாம்" என்று ஆகிவிட்டது. இந்தப் பெயரின் கனம் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஜோசப் மாண்டன் (1766–1835) லண்டனில் ஹனோவர் சதுக்கம் பக்கம் கடை வைத்திருந்தவர், அந்தக் காலத்து வேட்டைத் துப்பாக்கிக்கே இலக்கணம் வகுத்தவர். புகழ் இருந்த அளவு காசு தங்கவில்லை, 1826இல் திவாலானார். அவர் செய்த துப்பாக்கிகளுக்கு வரிசை எண் உண்டு. அவர் பெயரைப் போலியாகப் பொறிப்பதும் ரொம்பப் பழைய தொழில். அவருக்கும் முன்னால், இத்தாலியின் லாசரினோ கொமினாட்சோ பெயரை ஐரோப்பா முழுக்கக் கண்டவரெல்லாம் குழலில் வெட்டி விற்றார்கள். பெயர் வெட்ட உளியும் ஒரு பொழுதும் போதும்.

படங்கள் நிறைய அனுப்பினார். இரண்டு பக்க லாக் பிளேட் (லாக் எனும் சுடும் பொறியின் வெளித்தகடு), விசைக் காவலில் செதுக்கிய பூவேலை, இரண்டு குழலுக்கும் நடுவில் ஓடும் பட்டை, கட்டையின் மரவரி, எல்லாமே நல்ல வெளிச்சத்தில். குழலின் அடிப்பக்கம், அதாவது கட்டைக்குள் மறைந்திருக்கும் கீழ்ப்பக்கம், மட்டும் ஒன்றில்கூட இல்லை. கேட்டேன். "ஆப்பு இறுகிப்போயிருக்கு சார், அடிச்சு எடுத்தா கட்டை பிளந்துடும், அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது" என்றார். குழலைக் கட்டையோடு பிணைக்கிற தட்டைத் துண்டுதான் ஆப்பு. பழைய பொருளில் அப்படி நடக்கக்கூடியதுதான், அதனால் பதில் நம்பும்படி இருந்தது. இந்த ஒரு வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதே ஆளிடம் வாங்கிய இன்னொருவருக்கும் இதே பதில்தான் கிடைத்திருக்கிறது.

பொருள் வந்ததும் முதல் வேலை, குழல் காலியா என்று பார்ப்பது. மெல்லிய மரக்குச்சியை உள்ளே விட்டு, வாயருகே அடையாளம் வைத்து, வெளியே எடுத்துக் குழலின் மேல் வைத்துப் பாருங்கள். குச்சி, குழலின் பின்முனையில் கேப்பை மாட்டும் குமிழான நிப்பிள் இருக்கும் இடம் வரை எட்டாமல் முன்பே நின்றால் உள்ளே ஏதோ கெட்டித்துக் கிடக்கிறது. நூறு வருடத்துக்கு முன் போட்ட கருமருந்தும் ஈரம் படாமல் இருந்தால் வெடிக்கும். அப்படிப்பட்டதைத் தொடாமல் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

என்னுடையது காலி. கேப்பை அடிக்கும் குதிரைகளைப் பாதி பின்னுக்கு இழுத்து வைத்துவிட்டு, ஆப்பைச் சின்ன மரத்துண்டால் லேசாகத் தட்டினேன். வழுக்கிக்கொண்டு வந்தது. இறுகவும் இல்லை, துருவும் இல்லை, எண்ணெய் மினுமினுத்தது. அண்மையில் யாரோ கழற்றிப் பார்த்துவிட்டு மாட்டியிருக்கிறார்கள்.

குழலைத் தூக்கித் திருப்பினால், அடியில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் இ, எல், ஜி என்ற மூன்று எழுத்தும் ஒரு நட்சத்திரமும். அது, குழல் வெடிக்காமல் தாங்குமா என்று சோதிக்கும் பெல்ஜியத்தின் லியேஜ் நகரச் சோதனைச் சாலை முத்திரை. நெப்போலியன் 1810இல் போட்ட ஆணைக்குப் பிறகு அங்கே செய்யும் குழல்களைச் சோதித்து முத்திரையிடுவது கட்டாயமானது. என் குழலில் அந்த முட்டைக்கு மேலே ஒரு கிரீடமும் இருந்தது. கிரீடம் சேர்ந்தது 1893இல். ஜோசப் மாண்டன் இறந்து 58 வருடம் கழித்து! பக்கத்தில் தூண் போன்ற லியேஜ் சின்னம், நட்சத்திரத்துக்குக் கீழே சோதனையாளரின் எழுத்து, மில்லிமீட்டரில் குழலின் விட்டம். எல்லாமே ஒரே கதையைச் சொல்லின.

லண்டனில் செய்திருந்தால் அந்த இடத்தில் என்ன இருக்க வேண்டும்? கிரீடத்துக்குக் கீழே வி, இன்னொரு கிரீடத்துக்குக் கீழே ஜி.பி. இவை 1637இல் சாசனம் பெற்ற லண்டன் துப்பாக்கித் தயாரிப்பாளர் கழகத்தின் முத்திரைகள். பர்மிங்காமில் 1813க்குப் பிறகு சோதித்ததென்றால் கிரீடம் சூடிய குறுக்கிட்ட செங்கோல்கள் இருக்கும். எனக்கு வந்ததில் இவற்றில் ஒன்றும் கிடையாது.

சரி, லாக் பிளேட்டில் இருந்த பெயர்? பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். தட்டு முழுக்கச் சின்னச் சின்னத் துருக்குழிகள். பூவேலைக் கோடுகள் தேய்ந்து, அவற்றுக்குள்ளும் பழுப்பு ஏறியிருக்கிறது. ஆனால் "ஜே. மாண்டன்" எழுத்துகள் அந்தக் குழிகளை வெட்டிக்கொண்டு போகின்றன. "எம்" எழுத்தின் ஒரு கால் ஒரு குழியை நேர் பாதியாகப் பிளக்கிறது, கோட்டின் அடியில் இரும்பு வெள்ளையாக இருக்கிறது. துரு வந்த பிறகு வந்த பெயர் அது. பட்டையில் "லண்டன் ஃபைன் ட்விஸ்ட்" (இரும்பை முறுக்கிச் செய்த நேர்த்தியான லண்டன் குழல் என்று பொருள்) என்று இருந்தது மட்டும் அசல், அதாவது அந்தக் காலத்து பெல்ஜிய அசல். ஏற்றுமதிக்குச் செய்த மலிவுத் துப்பாக்கிகளில் லியேஜ்காரர்கள் ஆங்கிலத்தில் இப்படி எழுதி அனுப்புவது வழக்கம். விற்றவருக்கு அது நல்ல வசதியாகிவிட்டது.

கூப்பிட்டுச் சொன்னேன். முதலில் "அந்த முத்திரையெல்லாம் அப்புறம் யாரோ அடிச்சது" என்றார். லண்டன் துப்பாக்கியில் பெல்ஜிய முத்திரையை மெனக்கெட்டு யார் அடிப்பார்கள், எதற்கு என்று கேட்டதும் குரல் மாறிவிட்டது. "பில்லைப் படிங்க சார்." பில்லில் "மாண்டன் பெயர் பொறித்தது, உள்ளது உள்ளபடி" என்று இருந்தது. பெயர் பொறித்திருக்கிறது என்பது உண்மைதானே! கூடவே வந்த சான்றிதழ் என்ற தாளிலும் யார் செய்தது, எந்த ஆண்டு என்று ஒரு வரிகூட இல்லை.

இதே ஆளிடம் வாங்கியவர் ஒருவர் என்று சொன்னேன் அல்லவா, அவருக்கு வந்தது சக்கிமுக்கித் துப்பாக்கி. லாக்கில் கிரீடம், ஜார்ஜ் மன்னரைக் குறிக்கும் ஜி.ஆர்., லண்டன் கோட்டை ஆயுதக் கிடங்கைக் குறிக்கும் "டவர்", கூடவே 1786. ஆங்கிலேய அரசுப் படைக்குச் செய்த லாக்குகளில் ஆண்டு பொறிப்பதை 1764இல் நிறுத்திவிட்டார்கள். அதுவரை செய்தவர் பெயரும் ஆண்டும் இருக்கும், அதன்பிறகு வெறும் "டவர்" அல்லது "டப்ளின் காசில்" மட்டும். 1786 என்று போட்ட "டவர்" லாக் ஒன்றைப் பார்த்தாலே நிமிர்ந்து உட்கார வேண்டும். குழலின் அடிப்பகுதியைச் சாய்வு வெளிச்சத்தில் பார்த்தபோது ஓரிடத்தில் இரும்பு லேசாகக் குழிந்திருந்தது. எதையோ அரம் போட்டு எடுத்த தடம். அரம் போட்டவர் அழிக்க மறந்த ஒன்று பக்கத்திலேயே கிடந்தது: சின்னப் பெட்டிக்குள் இரண்டு ஆங்கில எழுத்து. இத்தாலியில் சோதித்த துப்பாக்கிகளில் 1975 முதல் ஆண்டை இப்படித்தான் குறிக்கிறார்கள். ஏ.ஏ. என்றால் 1975, ஏ.பி. என்றால் 1976. சுடுவதற்காக நேர்மையாகச் செய்து விற்ற நகல் அது. அதற்குத்தான் யாரோ அமிலம் தடவி வயது ஏற்றியிருக்கிறார்கள்.

நாட்டின் பெயரோடு "மேட் இன்" என்று இருந்தால் அதிலும் ஒரு தடயம் உண்டு. 1890ஆம் ஆண்டு அமெரிக்கச் சுங்கச் சட்டத்துக்குப் பிறகுதான் ஏற்றுமதிப் பொருட்களில் நாட்டின் பெயர் பரவலாக ஏறியது.

இப்போது யாரிடம் வாங்கினாலும் நான் கேட்பது: குழலைக் கழற்றி, அடிப்பக்கம் முழுவதையும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, பக்கவாட்டு வெளிச்சத்தில் படம். லாக்கைக் கழற்றி உள்பக்கம் படம். பெயர் இருக்கும் இடம் மட்டும் மிக அருகில் ஒன்று. பிறகு, பில்லில் "இன்னார் செய்தது, இந்தக் காலத்தது, இல்லையென்றால் முழுப்பணம் திருப்பித் தரப்படும்" என்ற வாக்கியம். கடைசியைக் கேட்டதுமே பாதிப் பேர் பதில் போடுவதை நிறுத்திவிடுகிறார்கள், அதுவும் ஒரு பதில்தான். உரிமம் வேண்டுமா வேண்டாமா என்பது நாட்டுக்கு நாடு மாறும், "பழம்பொருள், ஒன்றும் தேவையில்லை" என்று விற்பவர் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள்.

விற்பனைத் தளத்தில் புகார் கொடுத்தேன். பில் வாசகத்தைக் காட்டித் தள்ளுபடி செய்துவிட்டார்கள். விற்றவர் பாதிப் பணத்துக்குத் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொன்னார், நான் கொடுக்கவில்லை. கொடுத்தால் அதே பெயரோடு வேறொருவருக்குப் போகும். அவருடைய விளம்பரப் பக்கத்தில் இப்போது இன்னொரு இரட்டைக் குழல் இருக்கிறது, இந்த முறை வேறு ஒரு லண்டன் பெயர். படங்களில் குழலின் அடி இல்லை.