பெரிய ஹாலுக்கு டவர் ஸ்பீக்கரா, சப்வூஃபரா?

பத்துக்குப் பன்னிரண்டு அடி படுக்கையறையில் நிறைவாகக் கேட்ட ஸ்டீரியோ, வீடு மாறி 20க்கு 14 அடி ஹாலில் வைத்ததும் மெலிந்துபோனது. ஐந்தேகால் அங்குல வூஃபர் (தாழ்ந்த ஒலியைத் தரும் கூம்பு) கொண்ட புக்ஷெல்ஃப் ஜோடி, அதாவது அலமாரியில் வைக்கும் அளவு சின்ன ஸ்பீக்கர்கள்; அவற்றை இயக்க 50 வாட்ஸ் ஆம்ப். குரல் தெளிவாக வருகிறது, அடியில் வரும் கனத்த ஒலியான பேஸைத்தான் காணோம்.

ஆம்பை மாற்றும் யோசனையை முதலிலேயே தள்ளிவிடலாம். 50 வாட்ஸை 100 ஆக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். சத்தம் இருமடங்காகக் கேட்க 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். தடித்த கார்பெட்டும் கனமான திரையும் எப்படியும் வாங்கியாக வேண்டியவை. டைல்ஸ் தரையில் கை தட்டினால் கேட்கும் எதிரொலி அவற்றால் அடங்கும், பேஸ் மாறாது. ஆக, உண்மையான போட்டி இரண்டுக்குள்தான்: புக்ஷெல்ஃபை விற்றுவிட்டு, தரையில் நிற்கும் உயரமான டவர் ஸ்பீக்கர் வாங்குவதா, இருப்பதை வைத்துக்கொண்டு பேஸை மட்டும் தரும் தனிப் பெட்டியான சப்வூஃபர் (சப்) ஒன்றைச் சேர்ப்பதா. நான் சப் பக்கம் போனேன்.

காரணம் விலை அல்ல, வைக்கும் இடம். எந்த அறைக்கும் அதன் நீள அகல உயரத்தைப் பொறுத்துச் சில தாழ்ந்த சுருதிகள் மட்டும் வீங்கும், அதாவது மற்றவற்றைவிட ஓங்கிக் கேட்கும். 20 அடி நீளத்துக்கு முதல் வீக்கம் 28 ஹெர்ட்ஸில், அடுத்தது 56இல். எங்கள் ஹாலின் உயரம் 10 அடி, அதற்கும் அதே 56 ஹெர்ட்ஸ். நீளம் உயரத்துக்குச் சரியாக இருமடங்கு என்பதால் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொள்கின்றன. பேஸ் கிட்டாரின் ஏ தந்தி 55 ஹெர்ட்ஸ். அந்த ஸ்வரம் வரும்போதெல்லாம் ஹாலே 'ம்ம்ம்' என்று முனகும், பக்கத்து ஸ்வரங்கள் சாதாரணமாகப் போகும். எங்கள் சோஃபா கிடக்கும் ஹாலின் நடுப்பகுதியில்தான் நீளவாக்கில் எழும் 56 ஹெர்ட்ஸ் வீக்கம் உச்சத்தில் இருக்கிறது.

நீளவாக்கில் எழும் அந்த 56ஐத் தூண்டாத இடம் சுவரிலிருந்து கால் பங்கு தூரம், அதாவது ஐந்து அடி. டவரை அங்கே வைக்க வேண்டுமென்றால் இரண்டு டவரும் நடைபாதையில் நிற்கும். வீட்டில் யார் ஒத்துக்கொள்வார்கள்? நண்பரிடம் இரவல் வாங்கிய டவர் ஜோடியைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளித்தான் வைக்க முடிந்தது. முனகல் அதிகமானதுதான் மிச்சம். டவரில் பேஸும் குரலும் ஒரே பெட்டியில். குரல் நடுவில் நிற்க வேண்டுமானால் பெட்டி ஓரிடத்தில் இருக்க வேண்டும், பேஸ் சீராக வர வேறோரிடம் வேண்டும். ஒன்றை விட்டுத்தான் ஒன்று. சப் அப்படியல்ல. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காதுக்குச் சரியாகப் பிடிபடாது, எனவே சப்பை மட்டும் தனியாக நகர்த்தலாம்.

இடம் பிடிக்க ஒரு பழைய வழி இருக்கிறது. சப்பைத் தூக்கி நாம் உட்காரும் சோஃபாவில் வைத்து, பேஸ் மேலும் கீழும் நடக்கிற பாட்டு ஒன்றை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்துகொண்டே கேட்க வேண்டும். எல்லா ஸ்வரமும் ஒரே அளவில் கேட்கும் இடமே சப்பின் இடம். வீட்டார் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். எங்களுக்கு அது பக்கவாட்டுச் சுவரோரம், ஷூ ஸ்டாண்டை ஒட்டி அமைந்தது. டேப் வைத்துப் பார்த்தால் முன்சுவரிலிருந்து கிட்டத்தட்ட ஐந்து அடி! உயரத்தால் வரும் 56 போகவில்லை, ஆனால் முனகல் பாதிக்கு மேல் குறைந்தது. என் ஆம்பில் சப்புக்கென்று தனி இணைப்பு (சப் அவுட்) கிடையாது. ஸ்பீக்கர் முனையிலிருந்தே வயர் இழுத்து சப்பின் ஹை லெவல் இன்புட்டில் (ஸ்பீக்கர் வயரை நேராக ஏற்கும் முனை) கொடுத்திருக்கிறேன். சப் எந்த அளவுக்குக் கீழே ஒலிக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் கிராஸ்ஓவரை 60 ஹெர்ட்ஸ் பக்கம் வைத்து, சப்பின் ஒலியலையைத் தலைகீழாகப் புரட்டும் ஃபேஸ் ஸ்விட்சை இரண்டு பக்கமும் தட்டிப் பார்த்து, பேஸ் நிறைவாகக் கேட்கும் பக்கம் விட்டுவிட்டேன்.

டவருக்கும் நியாயம் இருக்கிறது. 100 முதல் 200 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் சின்ன வூஃபர் சத்தம் ஏற ஏறத் திணறும், அங்கே சப் உதவாது. நண்பரின் டவரில் தவிலடி நெஞ்சில் விழுந்தது. சத்தமாகக் கேட்பவர், சுவரை விட்டு நன்றாக முன்னால் இழுத்து வைக்க இடமுள்ளவர் டவரே வாங்கலாம். குமிழ் திருகும் வேலையும் மிச்சம். திரும்ப விற்பது எது சுலபம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், நான் டவர் விற்றதில்லை. சப் ஒரே அட்டைப்பெட்டியில் போய்விடும் என்பது மட்டும் தெரியும்.

என் தீர்ப்பு பத்து அங்குல மூடிய பெட்டி சப் ஒன்றை வைத்துச் சொல்வது, துளை வைத்த பெட்டியை இந்த ஹாலில் கேட்டதில்லை. எதிரெதிர்ச் சுவர்களின் நடுவே இரண்டு சப் வைத்தால் எல்லா இருக்கையிலும் பேஸ் இன்னும் சீராகும். ஆனால் இங்கே ஒரு சுவரின் நடுவில் வாசற்கதவு இருக்கிறது.