எடை குறைந்த பிறகும் கலோரிக் கணக்கு எழுத வேண்டுமா?

78 கிலோவிலிருந்து 64-க்கு வர எனக்குப் பதினோரு மாதம் பிடித்தது. அத்தனை நாளும் வாயில் போட்டதெல்லாம் செல்போன் ஆப்பில் ஏறியது. காலை இட்லியும் ஏறியது, ஆபீஸில் யாரோ பிறந்தநாளுக்குக் கொடுத்த பாதி லட்டும் ஏறியது. குறைப்பது எப்படி என்று சொல்ல ஊரே இருந்தது. குறைந்த பிறகு இந்தக் கணக்கை என்ன செய்வது என்று சொல்லத்தான் ஆளில்லை.

இந்த இடத்தில் வந்து நிற்பவர்களுக்கு நாலு வழி இருக்கிறது. ஆயுசுக்கும் எழுதுவது ஒன்று. அடியோடு விட்டுவிட்டுப் பசியை நம்புவது இன்னொன்று. கலோரியை மறந்து தட்டையும் எண்ணெயையும் மட்டும் அளப்பது மூன்றாவது. எடையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்து, அது ஒரு கோட்டைத் தாண்டும்போது மட்டும் கணக்கைத் திறப்பது நாலாவது. நாலையும் மாதக்கணக்கில் செய்து பார்த்துவிட்டேன். நான் நாலாவதின் பக்கம். ஆனால் அது எல்லாருக்கும் பொருந்தாது. சிலருக்கு அதுவே ஆபத்து.

எடை குறைந்த உடம்பு, முன்பிருந்தே அந்த எடையில் இருந்த உடம்பைப் போல நடந்துகொள்வதில்லை. அமெரிக்க அரசின் ஆய்வாளராக இருந்த கெவின் ஹாலின் குழு 2016-ல் போட்ட கணக்குப்படி, குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் உடம்பின் செலவு நாளுக்கு 20 முதல் 30 கலோரி இறங்குகிறது. பசியோ கிலோவுக்குச் சுமார் 100 கலோரி ஏறுகிறது. அதாவது செலவு இறங்கும் வேகத்தைவிடப் பசி ஏறும் வேகம் மூன்று மடங்குக்கும் மேல். ஆஸ்திரேலியாவில் 50 பேரை வைத்து நடத்தி 2011-ல் வெளியான ஆய்வில், எடை குறைந்து ஓராண்டு ஆன பிறகும் பசியைக் கூட்டும் ஹார்மோன்கள் பழைய நிலைக்கு இறங்கியிருக்கவில்லை. மறுபடி எடை போடுகிறவர்களை "வாயைக் கட்டத் தெரியாதவர்கள்" என்று பேசுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசை.

இரண்டாவது வழி தடுக்கி விழுவது இங்கேதான். "பசிச்சா சாப்பிடு, வயிறு நிறைஞ்சா எந்திரி" என்பது கேட்க நன்றாக இருக்கிறது. எடை ஏறி இறங்காத உடம்புக்கு அது சரியான அறிவுரையும்கூட. நான் நாலு மாதம் அப்படி இருந்தேன். ஒரு நாள்கூட அதிகம் சாப்பிட்டதாகத் தோன்றவில்லை. வயிறு கேட்டதைத்தான் கொடுத்தேன். எடை 68.3-க்குப் போயிருந்தது. சேலைக்கும் நைட்டிக்கும் எடை கூடுவது தெரியாது. ரவிக்கை பிடிக்கிறது என்று உணரும்போது நாலு கிலோ ஏறி முடிந்திருக்கும்.

அப்படியானால் ஆயுசுக்கும் எழுதுவதுதான் பாதுகாப்பு என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. 64-ஐத் தொட்டதும் நான் முதலில் செய்தது அதைத்தான், ஏழு மாதம். நாளுக்கு 1,700 என்று வைத்துக்கொண்டு ஒரு நாளும் தாண்டவில்லை. ஆப் தினமும் பச்சை காட்டியது. ஏழாம் மாதம் எடை 66.1.

காரணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுப்படியில் கிடைத்தது. வேகவைத்த பருப்பைச் சட்டியோடு கிச்சன் தராசில் வைத்து, சட்டியின் எடையைக் கழித்துக்கொண்டிருந்தேன். பின்னால் அத்தை தாளிக்கக் காத்திருந்தார். "ஏத்தா, நகைக்கடையில தங்கத்தை நிறுக்கிற மாதிரி நிறுக்குற. அடுப்பு வீணா எரியுது, நகரு" என்று நல்லெண்ணெய்க் கிண்ணியைக் கையில் எடுத்தார். அந்தக் கிண்ணியை அதுவரை நான் நிறுத்ததே இல்லை. அன்று கேட்டு வாங்கி முன்னாலும் பின்னாலும் நிறுத்தேன். ஆப்பில் வழக்கமாக ஒரு டீஸ்பூன், 5 கிராம் என்று எழுதுவேன். சட்டியில் இறங்கியிருந்தது 19 கிராம். எந்த எண்ணெயானாலும் கிராமுக்கு 9 கலோரி. நான் எழுதியது 45, உண்மை 171.

நாலு பேர் சாப்பிடும் சாம்பார் அது. என் பங்குக்கு வந்த பிழை முப்பது சொச்சம் கலோரிதான். அதே பிழை பொரியலிலும் சட்னியிலும் நடந்தால் நாளுக்குக் கிட்டத்தட்ட நூறு. இது சின்ன விஷயமில்லை. ஹாலின் குழு 2011-ல் 'லான்செட்' இதழில் ஒரு விதி சொன்னது: நாளுக்கு 24 கலோரி நிரந்தரமாகக் கூடினால் உடம்பில் கடைசியில் ஒரு கிலோ கூடி நிற்கும். அதில் பாதி முதல் வருடத்திலேயே ஏறும், மீதியும் ஏறக்குறைய மூன்று வருடத்துக்குள் ஏறிவிடும். நூறு கலோரிப் பிழைக்கு நாலு கிலோ. கணக்கை ஒரு நாள் தவறாமல் எழுதியபடியே நாலு கிலோ ஏற முடியும்.

பாக்கெட் சாப்பாடு சாப்பிடும் ஊருக்கு இந்தப் பிழை கொஞ்சம் குறையலாம். ஒரே சட்டியில் கிண்டி, ஆளுக்கொரு கரண்டி ஊற்றி, "இன்னும் கொஞ்சம்" என்று இரண்டாம் முறை பரிமாறும் நம் வீடுகளில் இது குறையவே குறையாது. 1992-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்த ஆய்வு எனக்கு இதில் ஆறுதல். எவ்வளவு குறைத்தும் எடை இறங்கவில்லை என்று வந்த பத்துப் பேரைச் சோதித்தார்கள். அவர்கள் தாங்கள் சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். ஏமாற்ற வந்தவர்கள் இல்லை, உதவி கேட்டு வந்தவர்கள். சாப்பிடுகிற மனிதருக்குத் தன் சாப்பாட்டை அளப்பது அவ்வளவு கடினம்.

ஆகவே கலோரி எழுதுவது நல்ல வாத்தியார், ஆனால் மோசமான காவல்காரர். இட்லியைவிட அதன்மேல் ஊற்றும் பொடி எண்ணெய்தான் கனம் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான். அந்தப் படிப்புக்கு ஆறு மாதமோ ஒரு வருடமோ போதும். அதற்குப் பிறகும் தினம் கால் மணி நேரம் அதற்குக் கொடுப்பதில் கிடைப்பது குறைவு.

இழப்பது அதைவிட அதிகமாகவும் இருக்கலாம். என் தோழி ஒருத்தி தன் அண்ணன் மகள் சடங்குக்குப் போனாள், பந்தியில் உட்காரவில்லை. இலையில் என்னென்ன வரும், எவ்வளவு வரும் என்று எழுத முடியாது என்பதுதான் காரணம். இரவு பதினோரு மணிக்கு மொட்டை மாடியில் நடந்துகொண்டிருப்பாள், அன்றைய எண் சரியாகும்வரை. 2017-ல் உண்ணல் கோளாறுக்குச் சிகிச்சை பெற வந்த 105 பேரிடம் அமெரிக்காவில் கேட்டபோது, முக்கால்வாசிப் பேர் ஒரு பிரபல கலோரி ஆப்பைப் பயன்படுத்தியிருந்தார்கள். அவர்களில் 73 சதவீதம் பேர், தங்கள் நோயில் அதற்கும் பங்கு உண்டு என்று சொன்னார்கள். நோய் வந்ததால் ஆப்பைத் தேடினார்களா, ஆப்பால் நோய் முற்றியதா என்பதை இது சொல்லவில்லை. ஆனால் எழுத முடியாத சாப்பாட்டைக் கண்டு பயம் வந்தால், கணக்கை அன்றே நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்கு எடை மெஷினும் வேண்டாம். நான் கீழே புகழப்போகும் நாலாவது வழி அவர்களுக்கானதில்லை.

மூன்றாவது வழியில் எனக்குப் பிரியம் அதிகம், ஏனென்றால் அது வீட்டுக்கே நல்லது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில் 2,000 கலோரிக்கு ஒரு நாள் தட்டு உண்டு: தானியம் 250 கிராம், பருப்பு 85, காய் 400, பழம் 100, கொட்டை வகை 35, பால் அல்லது தயிர் 300 மில்லி, எண்ணெய் 27 கிராம். எல்லாம் சமைப்பதற்கு முந்தைய அளவு. இதில் நாம் எளிதாகப் பிடிக்கக்கூடியது எண்ணெய். 27 கிராம் என்றால் மாதத்துக்கு ஆளுக்கு 900 மில்லிக்குக் கொஞ்சம் குறைவு, நாலு பேருக்கு மூன்றரை லிட்டர். எங்கள் வீட்டு மளிகைச் சீட்டில் ஐந்து லிட்டர் கடலை எண்ணெயும் ஒரு லிட்டர் நல்லெண்ணெயும் இருந்தன. அதை நாலாகக் குறைத்தோம். யாரையும் நிறுக்கச் சொல்லவில்லை, அத்தையின் கிண்ணியையும் தொடவில்லை. டப்பா தீர்ந்தால் தீர்ந்ததுதான். இதன் குறை, பதில் தாமதமாக வருவது. எண்ணெய் குறைந்த வீட்டிலும் சோறு ஒரு கரண்டி கூடும், மாலையில் வடை வெளியிலிருந்து வரும். தட்டு மெல்ல மெல்லப் பெருப்பதைத் தட்டே சொல்லாது.

சொல்லக்கூடியது எடை மெஷின் மட்டும்தான். ரீனா விங்கும் ஜேம்ஸ் ஹில்லும் 1994-ல் தொடங்கிய அமெரிக்கத் தேசியப் பதிவேடு ஒன்று இருக்கிறது. குறைந்தது 13.6 கிலோ இறக்கி ஒரு வருடமாவது தக்கவைத்தவர்கள்தான் அதில் சேரலாம். அவர்களில் 75 சதவீதம் பேர் வாரத்துக்கு ஒரு முறையாவது எடை பார்க்கிறார்கள். 90 சதவீதம் பேர் நாளுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள். தாமாக முன்வந்து சேர்ந்தவர்கள் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. அதே ரீனா விங் 2006-ல் வெளியிட்ட சோதனை இன்னும் அழுத்தமானது. இரண்டு ஆண்டுக்குள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்காவது குறைத்த 314 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். இரண்டு குழுக்களுக்குத் தினம் எடை பார்க்கவும், போக்குவரத்து விளக்குப் போல மூன்று நிறத்தை வைத்துக்கொள்ளவும் கற்றுக்கொடுத்தார்கள். தொடங்கிய எடையிலிருந்து 1.4 கிலோ வரை பச்சை, அதற்கு மேல் மஞ்சள், 2.3 கிலோ கூடினால் சிவப்பு. சிவப்பு வந்தால் பழைய எடைக்குறைப்பை மறுபடி தொடங்க வேண்டும். 18 மாதத்தில் வெறும் செய்தி மடல் மட்டும் பெற்ற குழுவில் 72.4 சதவீதம் பேர் சிவப்பைத் தொட்டார்கள். இணையம் வழி கற்றவர்களில் 54.8, நேரில் கூடிக் கற்றவர்களில் 45.7. நேரில் கூடியும் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் தொட்டுவிட்டார்கள் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. எடையைத் தக்கவைப்பது அவ்வளவு பெரிய வேலை.

நான் அதே எல்லைகளை எடுத்துக்கொண்டேன்: 65.4 வரை பச்சை, 66.3-ல் சிவப்பு. தினம் பார்ப்பதில்லை, புதன்கிழமை காலை மட்டும், வெறும் வயிற்றில். ஞாயிற்றுக்கிழமை பிரியாணியின் உப்பும் தண்ணீரும் வடிய இரண்டு நாள் வேண்டும், அதனால் புதன். ஒரு வாரம் கூடினால் பதறுவதில்லை, அடுத்த புதனும் அதே இடத்தில் நின்றால்தான் நம்புவேன். மஞ்சள் வந்தால் மாலைப் பலகாரத்தை நிறுத்துவேன். சிவப்பு வந்தால் பதினான்கு நாள், கிண்ணியோடு சேர்த்து எல்லாவற்றையும் தராசில் வைத்துப் பார்த்து எழுதுவேன். முன்பு தினமும் கால் மணி நேரம் தின்ற வேலை, இந்த இரண்டு வருடத்தில் மூன்று முறை மட்டும் வந்துபோனது.

இதை எடை குறைந்த மறுநாளே தொடங்கக் கூடாது. புது உடம்புக்கு எவ்வளவு போதும் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நாளின் அளவில் நூறு கலோரி கூட்டிக்கொண்டு போய், எடை நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும்வரை கணக்கு இருக்கட்டும். செமாக்ளூடைட் போன்ற ஊசியால் குறைத்தவர்கள் பலர் கலோரி எழுதியே இருக்க மாட்டார்கள். அந்த மருந்தை நிறுத்தி ஒரு வருடத்தில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது என்று 2022-ல் வந்த ஆய்வு சொல்கிறது. மருந்தை நிறுத்துவதைப் பற்றி மருத்துவரோடு பேசும்போதே அவர்கள் ஒரு மாதம் எழுதிப் பழகிக்கொள்வது நல்லது. இன்சுலின் போடுகிறவர்கள் மாவுச்சத்துக் கணக்கை எந்தக் காரணத்துக்காகவும் தாமாக நிறுத்தக் கூடாது, அது வேறு கணக்கு.

மூன்றாம் முறை சிவப்பு வந்தது ஆவணிக் கல்யாணங்கள் முடிந்த பிறகு, 66.7. விருந்துகள்தான் காரணம் என்று நினைத்தேன். விருந்து முடிந்தும் எடை இறங்கவில்லை. எழுதத் தொடங்கிய ஒன்பதாம் நாள் பட்டியலைத் திருப்பிப் பார்த்தால், ஒன்பது நாளும் ஒரே வரி இருந்தது: சாயங்காலம் டீயோடு கோவில்பட்டி கடலை மிட்டாய் இரண்டு, 50 கிராம், சுமார் 250 கலோரி. சீர்வரிசையில் வந்த டப்பா, ஆபீஸ் மேசை இழுப்பறையில் இருந்தது. நல்ல பொருள், கடலையும் வெல்லமும்தான். அதனாலேயே மனதில் அது கணக்காகவே ஏறவில்லை. டப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்து அத்தையிடம் கொடுத்தேன். "தினம் ஒண்ணு கேளு, தாரேன்" என்று அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். ஆறாவது புதன்கிழமை 65.1.