எடை குறைக்கும் ஊசிகள்: மவுஞ்சாரோவா, வெகோவியா?

எடையை அதிகம் இறக்குவது மவுஞ்சாரோதான். அதிலுள்ள டிர்செபடைடையும் வெகோவியிலுள்ள செமாகுளுடைடையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வு 2025-இல் வெளிவந்தது. 72 வாரத்தில் முன்னதில் எடை சராசரி 20.2 சதவீதம் இறங்கியது, பின்னதில் 13.7. தொண்ணூறு கிலோ உள்ளவருக்குப் பதினெட்டு கிலோவுக்கும் பன்னிரண்டு கிலோவுக்கும் உள்ள வித்தியாசம் அது. தினமும் குத்த வேண்டிய லிராகுளுடைடு என்ற இன்னொரு ஊசி 56 வாரத்தில் 8 சதவீதத்தோடு நின்றுவிடுகிறது. மவுஞ்சாரோ, வெகோவி என்று வாரம் ஒரு முறை குத்தும் ஊசி கிடைக்கும்போது லிராகுளுடைடுக்குக் காசு போட வேண்டியதில்லை.

இவை சர்க்கரை நோய் இல்லாதவர்களின் கணக்கு. சுகர் இருந்தால் பலன் குறையும்: 15 மி.கி. மவுஞ்சாரோவுக்கு 14.7 சதவீதம், வெகோவிக்கு 9.6. பக்கத்து வீட்டுக்காரருக்கு இறங்கிய அளவு தனக்கு இறங்கவில்லையே என்று டோஸை அவசரமாக ஏற்றுவது இதனால்தான் தப்பு. மவுஞ்சாரோ 2.5 மி.கி.-யில் தொடங்கி, ஒவ்வொரு படிக்கும் குறைந்தது நான்கு வாரம் கொடுத்து 2.5 2.5-ஆக ஏற வேண்டும். வெகோவிக்குப் படிகள் 0.25, 0.5, 1, 1.7, 2.4 மி.கி. படி தாண்டினால் வாந்திதான் மிஞ்சும்.

நம் இராமநாதபுரம் கடற்கரையில் மருந்தைவிட அதைக் காப்பாற்றுவதுதான் பெரிய வேலை. பிரிக்காத ஊசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். மதுரையில் வாங்கி இராமநாதபுரம் பஸ்ஸில் வருபவர்கள் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் ஜெல் வைத்து, ஊசியை மடித்த துண்டில் சுற்றி, ஜெல் நேராகப் படாமல் எடுத்து வாருங்கள். மீனுக்கு வைத்த ஐஸ் பெட்டியில் புதைத்து எடுத்துவரவே கூடாது. ஒருமுறை உறைந்த மருந்து, உருகியபின் கண்ணுக்குத் தெளிவாகவே தெரிந்தாலும், குப்பைக்குத்தான். வீட்டிலும் அப்படியே: ஒற்றைக் கதவு பிரிட்ஜில் ஃப்ரீசருக்கு அடியில் வைக்காமல் நடுத்தட்டில் வையுங்கள். குத்தத் தொடங்கிய மவுஞ்சாரோ பேனாவை (பேனா வடிவ ஊசியை) 30 டிகிரிக்குள் 30 நாள் வெளியே வைக்கலாம் என்பது சரிதான். ஆனால் சித்திரை, வைகாசியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே 30 டிகிரி எங்கே கிடைக்கும்? பிரித்தபின்னும் பிரிட்ஜிலேயே இருக்கட்டும். கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள்.

மவுஞ்சாரோ குப்பியாக வாங்குபவர்கள் இன்சுலின் சிரிஞ்சைப் பார்த்து வாங்குங்கள். ஒரு டோஸ் 0.5 மில்லி. ஆரஞ்சு மூடி, 100 யூனிட் சிரிஞ்சில் அது 50-ஆம் கோடு. சிவப்பு மூடி, 40 யூனிட் சிரிஞ்சில் 20-ஆம் கோடு. இரண்டையும் குழப்பினால் டோஸே மாறிப்போகும். பேனாவில் இந்தத் தொல்லை இல்லை. அதில் நடக்கும் தவறு, பட்டனை அழுத்தியதும் ஊசியை உருவிவிடுவது. மவுஞ்சாரோவுக்கு அழுத்தியபடியே ஐந்து வரை நிதானமாக எண்ணுங்கள், வெகோவிக்கு ஆறு. தோலில் துளி நின்று வழிந்தால் முழு டோஸ் உள்ளே போகவில்லை என்று அர்த்தம். அதற்காக மறுபடி குத்தாதீர்கள். ஊசிமுனையைக் கழற்றிவிட்டே பேனாவை மூடுங்கள்.

விலைக்கு வருவோம். 2025 மார்ச்சில் வந்தபோது மவுஞ்சாரோ 5 மி.கி. குப்பி ஒன்று 4,375 ரூபாய். மாதத்துக்கு நான்கு என்றால் 17,500. செமாகுளுடைடின் காப்புரிமை இந்தியாவில் 2026 மார்ச் வரைதான் என்பதால் விலை இறங்க அதற்குத்தான் இடம் அதிகம். நிறுத்தினால் எடை திரும்பும்: செமாகுளுடைடை விட்டவர்களுக்கு ஒரே வருடத்தில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. ஆகவே மூன்று மாதத்துக்கு மட்டும் மவுஞ்சாரோ வாங்கக் கையில் பணம் இருப்பவரைவிட, இரண்டு வருடம் வெகோவி தொடர முடிகிறவருக்கே லாபம்.

சாப்பாட்டில், முதல் மாதங்களில் வறுத்த மீனும் தேங்காய்ப்பால் தொதலும் குமட்டலைக் கூட்டும். குழம்பு மீனோ அவித்த கணவாயோ தினமும் இருக்கட்டும். புரதம் குறைந்தால் கொழுப்போடு தசையும் கரையும். சுகருக்குக் கிளிமெபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடாமலிருக்க, முதல் ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொல்லி அவற்றின் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். கீழக்கரை, தொண்டிப் பக்கம் நோன்பு வைப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் குடும்பத்தில் இருந்தாலும், கர்ப்பமாக இருந்தாலும் இந்த ஊசிகள் வேண்டாம். மேல்வயிற்றில் பிடித்து முதுகுக்குப் போகும் விடாத வலி வந்தால், கேஸ் மாத்திரை போட்டுப் படுக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அது கணைய வீக்கமாக இருக்கலாம்.