மால்ஹமா, போர்ட்லாந்தா?

நீர்வண்ணத்தில் சுண்ணாம்புப் பாறை வரைய இங்கிலாந்தில் ஓர் இடம் சொல் என்றால், எனக்கு இரண்டு பெயர்கள் வரும்: வடக்கே யார்க்‌ஷயரின் மால்ஹம் கோவ், தெற்கே டோர்செட் கடற்கரையின் போர்ட்லாந்து தீவு.

மால்ஹம் சுமார் 80 மீட்டர் உயரத்துக்கு வளைந்து நிற்கும் பாறைச்சுவர். ஆங்கில ஓவியர் டர்னர் 1816-இல் வந்து கோட்டோவியம் தீட்டிய இடம். தூரத்தில் வெள்ளை, நெருங்கினால் சாம்பல், அதன்மேல் பாசி இறங்கிய கறுப்புத் தாரைகள். அல்ட்ராமரின் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா பழுப்பையும் தண்ணீர் தாராளமாக விட்டுக் கலந்து, சொரசொரப்பான தாளில் ஓட விடுங்கள். நிறத்துகள் தாளின் குழிகளில் தானாகப் போய்த் தங்கும். பாறையின் தோல் அப்படியே வந்துவிடும். வெளிச்சம் விழும் இடத்தில் தாளையே விட்டுவிட வேண்டும். அங்கே வெள்ளை வண்ணம் பூசினால் பாறை செத்துவிடும்.

போர்ட்லாந்தின் கல் வேறு குணம். எந்தப் பக்கமும் சீராகச் செதுக்க வரும். 1666 லண்டன் தீவிபத்துக்குப் பிறகு கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் அங்கே எழுப்பிய செயின்ட் பால் தேவாலயம் இந்தக் கல்தான். கப்பலேற்ற கடலும் பக்கத்திலேயே இருந்தது. ஆனால் தீவில் எங்கு பார்த்தாலும் குவாரி வெட்டுகள். சரி, வெட்டிய முகத்தின் நேர்கோடுகளுக்கும் ஓர் அழகு உண்டு. இருந்தாலும் இந்தக் கல்லின் முழு அழகைப் பார்க்க லண்டனுக்குத்தான் போக வேண்டும்: மழை அடிக்கும் பக்கம் வெளுத்து, சுவரின் மேலே நீட்டிய கார்னிசு விளிம்புக்கு அடியில் புகைக்கரி படிந்து கறுத்து, ஒளியும் நிழலும் கல்லிலேயே எழுதியிருக்கும்.

மால்ஹம் கல் இப்படி வளைந்து கொடுக்காது. கடினமானது, கோணல்மாணலாக உடையும். அதனால் அந்தப் பக்கத்து வீடுகளில் மூலைக்கும் வாசல் நிலைக்கும் மணற்கல் வைத்தார்கள். வயல்களைப் பிரிக்கும் சுவர்களில் சாந்தே கிடையாது. இரண்டு வரிசைக் கற்கள் ஒன்றை நோக்கி ஒன்று சாய, நடுவில் சில்லு நிரப்பி, இடையிடையே குறுக்கே நீளக்கல் கொடுத்துக் கட்டியவை. அதே கல்லைச் சூளையில் சுட்டு, சுண்ணாம்பாக்கி வயலுக்கும் போட்டார்கள்.

என்னைக் கேட்டால் மால்ஹம்தான். போர்ட்லாந்தில் பாறை ஓரிடம், கட்டடம் ஓரிடம். இங்கே பாறையில் தொடங்கிய சாம்பல் கலவை தூரிகையில் தீருமுன் சுவருக்கு வந்து, அப்புறம் களஞ்சியத்துக்கும் வந்துவிடும். சுவரைக் கல் கல்லாக எண்ணி வரையாதீர்கள். ஒரே இழுப்பு, அது காய்வதற்குள் அடியில் கொஞ்சம் அடர்நிறம், உச்சியில் நாலைந்து இடத்தில் வண்ணம் படாத தாளின் வெள்ளை.